மஷ்ஹத்: கலீஃபாவின் கல்லறை இமாமின் நகரமான கதை

கேள்வி இதுதான்: ஈரானின் மஷ்ஹத் நகரில், ஷியா முஸ்லிம்களின் எட்டாவது இமாம் அலி அல் ரிளா அடக்கமாகியிருக்கும் கட்டடத்துக்குள்ளேயே கலீஃபா ஹாரூன் அல் ரஷீதின் கல்லறையும் இருக்கிறது என்கிறார்களே, அது உண்மையா? அந்தப் பொன் கும்பத்தை, அதாவது பொன் குவிமாடத்தை, கட்டியது யார்?

உண்மைதான். மாறுவேடம் பூண்டு பாக்தாத் தெருக்களில் இரவு உலா போனதாக அரபுக் கதைகள் சொல்லும் அதே ஹாரூன் அல் ரஷீத்தான். சொல்லப்போனால் அந்த மண்ணில் முதலில் அடக்கமானவர் அவர்தான். இமாம் அங்கே வந்தது ஒன்பது ஆண்டுகள் கழித்து. கட்டியவர் யார் என்பதற்கு மட்டும் ஒற்றைப் பெயரைச் சொல்லிவிட முடியாது. ஆயிரம் ஆண்டுகளில் பலர் கட்டினார்கள், சிலர் இடித்தார்கள், இடித்தவனின் மகனே திரும்பக் கட்டியதும் உண்டு. ஷியாக்களின் இந்தப் பெரும் தலத்தை வளர்த்தவர்களில் கணிசமானோர் சுன்னிகள் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. எனக்கு இந்தக் கட்டடத்தின் மீது இவ்வளவு பற்று வருவதற்கு அதுவே முதல் காரணம்.

இமாம் என்றால் நம் ஊரில் பள்ளிவாசலில் தொழுகை நடத்துபவர் நினைவுக்கு வருவார். பன்னிரு இமாம் ஷியாக்களுக்கு அந்தச் சொல்லின் எடை வேறு. நபிகள் நாயகத்தின் மருமகன் அலியில் தொடங்கி, அவர் வழித்தோன்றல்களாக வந்த பன்னிருவர்தாம் சமூகத்தின் உண்மையான தலைவர்கள் என்பது அவர்களின் நம்பிக்கை. அந்த வரிசையில் எட்டாவதாக வருபவர் அலி அல் ரிளா. ஈரான் மண்ணில் அடக்கமாகியிருக்கும் ஒரே இமாம் அவர்தான்.

கதை 809-இல் தொடங்குகிறது. சமர்கந்துப் பக்கம் எழுந்த கிளர்ச்சியை அடக்கப் படையோடு கிழக்கே புறப்பட்ட ஹாரூன், ஈரானின் வடகிழக்கே குராசானின் தூஸ் பகுதியில் நோய்ப்படுக்கையில் விழுந்தார். சனாபாத் என்ற சிற்றூரில், ஹுமைத் இப்னு கஹ்தபா என்ற பழைய ஆளுநரின் தோட்ட வீடு இருந்தது. தமக்கான குழியை அந்த வீட்டிலேயே தோண்டச் சொல்லி, உயிரோடு இருக்கும்போதே அதில் குர்ஆன் ஓதச் செய்தார் என்று பழைய வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். அங்கேயே இறந்தார், அங்கேயே புதைக்கப்பட்டார்.

அவருக்குப் பின் இரண்டு மகன்களுக்கும் இடையே போர் மூண்டது. அமீன் கொல்லப்பட்டார், மாமூன் வென்றார். ஆனால் மாமூன் பாக்தாதுக்குப் போகாமல், இன்றைய துர்க்மெனிஸ்தானில் இருக்கும் மெர்வு நகரிலிருந்தே ஆண்டார். அங்கிருந்து அவர் செய்த காரியம், ஹாரூனின் வம்சமான அப்பாசியரின் பேரரசையே அதிர வைத்தது. மதீனாவிலிருந்து அலி அல் ரிளாவை வரவழைத்து, 817-இல் தம் வாரிசாக அறிவித்தார். அப்பாசியர்களின் கறுப்புக் கொடி பச்சையானது. இமாமின் பெயர் பொறித்த வெள்ளி திர்ஹம்கள் அச்சாகின. அவற்றில் சில இன்றும் நம்மிடம் இருக்கின்றன. பாக்தாதின் அப்பாசியக் குடும்பத்தார் கொதித்தெழுந்து, போட்டிக் கலீஃபா ஒருவரையே அமர்த்திவிட்டார்கள். நிலைமையைச் சமாளிக்க மாமூன் பாக்தாது நோக்கிப் புறப்பட்டார், இமாமும் உடன் சென்றார். வழியில், 818-இல், அதே தூஸில் இமாம் காலமானார். மாமூன் கொடுத்த நஞ்சுதான் காரணம் என்பது ஷியாக்களின் உறுதியான நம்பிக்கை. ஆரம்ப கால வரலாற்றாசிரியர்களிலோ, அளவுக்கு மீறித் திராட்சை உண்டதே காரணம் என்று எழுதியவர்களும் உண்டு. மாமூன் அவரைத் தம் தந்தையின் கல்லறைக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்தார். அடுத்த ஆண்டு பாக்தாதுக்குள் நுழைந்தார். சில நாட்களில் பச்சை போய்க் கறுப்பே திரும்பி வந்தது.

இமாமை அருகே அடக்கம் செய்தால் தம் தந்தையின் கல்லறைக்கும் புனிதம் சேரும் என்று மாமூன் எண்ணியிருக்கலாம். நடந்தது நேர்மாறு. கலீஃபாவின் தோட்டம் என்பது மக்கள் வாயில் இமாமின் மஷ்ஹத் ஆகிவிட்டது. ஷஹீது என்ற சொல் தமிழ் முஸ்லிம்களுக்கு நன்றாகப் பழக்கமானது. அதே வேரில் பிறந்ததுதான் மஷ்ஹத்: ஷஹீதான இடம். தூஸில் இரண்டு கல்லறைகள், ஒன்று மனிதரில் சிறந்தவருடையது, மற்றது மனிதரில் இழிந்தவருடையது என்று அக்காலத்திலேயே கவிஞர் திஃபில் பாடினார்.

ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பிறகு அங்கே போன மொராக்கோப் பயணி இப்னு பதூதா நேரில் கண்டதை எழுதியிருக்கிறார். பெரிய கும்பம், வெள்ளித் தகடு போர்த்திய மர மேடை, தொங்கும் வெள்ளி விளக்குகள். எதிரிலேயே ஹாரூனின் கல்லறை, அதன் மீதும் விளக்குத் தண்டுகள். ஷியா ஒருவர் உள்ளே வந்தால் முதலில் ஹாரூனின் கல்லறையைக் காலால் உதைக்கிறார், பிறகு இமாமுக்கு ஸலாம் சொல்கிறார் என்கிறது அவர் குறிப்பு. ஒரே அறையில் ஒரு உதையும் ஒரு ஸலாமும்! அந்த அறையின் அன்றைய நிலையை இதைவிட நெருக்கமாகக் காட்டும் வரி எனக்குத் தெரியவில்லை.

இனி கட்டடத்துக்கு வருவோம். பலர் இதை ஈரானை ஆண்ட சஃபவி மன்னர்களிலிருந்து தொடங்குகிறார்கள். அது தவறு என்றே சொல்வேன். சஃபவிகள் ஆட்சிக்கு வந்து ஷியா மார்க்கத்தை அரசு மார்க்கமாக்கியது 1501-இல். அதற்கு முன்பே இந்தத் தலத்துக்கு ஏறக்குறைய ஏழு நூற்றாண்டு வயது. கஜ்னியின் சபுக்தகீன் 993-இல் இதை இடித்து, யாத்திரிகர்களையும் தடுத்ததாகச் சொல்லப்படுகிறது. அவர் மகன்தான் 1009-இல் திரும்பக் கட்ட ஆணையிட்டவர். அந்த மகன் வேறு யாருமல்ல, சோமநாதர் கோயில் படையெடுப்பால் நாம் பள்ளிப் பாடத்தில் படித்த கஜ்னி முகமதுவேதான். நம் பாடப்புத்தகத்தில் இடித்தவராக நிற்பவர், மஷ்ஹதின் கணக்கில் கட்டியவர். பின்னர் 12-ஆம் நூற்றாண்டில் செல்ஜுக் சுல்தான் சஞ்சரின் காலத்தில் கும்பம் எழுந்தது. கஜ்னவிகளும் சுன்னிகள், செல்ஜுக்குகளும் சுன்னிகள். நபியின் குடும்பத்தின் மீது அன்பு வைக்க ஷியாவாக இருக்க வேண்டியதில்லை என்பது அன்றைய பொது வழக்கு.

கல்லறை அறையின் கீழ்ச்சுவர்களில் பதித்த பளபளப்பு ஓடுகளைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பொன் கும்பத்தைப் பார்க்கும் அவசரத்தில் எல்லோரும் தாண்டிப் போய்விடும் பொருள் இது. காஷான் நகரத்துக் குயவர்களான அபூ ஸைத், முகம்மது இப்னு அபீ தாஹிர் என்ற இருவர் 1215-இல் இங்கே வேலை செய்தார்கள். வெறும் களிமண்ணை அல்ல, பெரும்பாலும் பொடித்த வெண்கல்லைப் பிசைந்து ஓடு வார்த்தார்கள். வெள்ளைப் பூச்சுப் பூசி ஒருமுறை சூளையில் சுட்டார்கள். அதன் மேல் வெள்ளியும் செம்பும் கலந்த குழம்பால் இலையும் கொடியும் எழுத்தும் வரைந்து, இரண்டாவது முறை, காற்றைக் குறைத்துப் புகை மூட்டிய சூளையில் வைத்தார்கள். புகை, குழம்பிலிருந்த உயிர்க்காற்றை (ஆக்சிஜனை) இழுத்துக்கொள்ள, உலோகம் மட்டும் மெல்லிய படலமாகப் பூச்சின் மேல் ஒட்டி நிற்கும். சூளையிலிருந்து எடுக்கும்போது ஓடு கருத்துத்தான் இருக்கும். துணியால் அழுத்தித் தேய்த்தால் செம்பொன் நிறம் மேலே வரும். சற்றுத் தலையைச் சாய்த்துப் பார்த்தால் பழுப்பு பொன்னாகும், பொன் செம்பாகும். கையளவு ஓட்டில், ஓரமெல்லாம் நெல்மணி அளவு எழுத்தில் வசனங்கள் ஓடும். சூளையில் புகை கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் அத்தனையும் வீண். அபீ தாஹிரின் குடும்பம் இந்தத் தொழிலைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தது.

1221-ஐ ஒட்டி மங்கோலியப் படை குராசானைச் சூறையாடியது, தலமும் தப்பவில்லை. இருபது ஆண்டு கழிந்து, 1242-இல், அந்த முகம்மதுவின் மகன் அலி இதே தலத்துக்கு இன்னொரு மிஹ்ராபு, அதாவது தொழுகைத் திசையைக் காட்டும் சுவர்மாடம், செய்து கொடுத்திருக்கிறார். எரிந்த நாட்டில் ஒரு குயவன் மகன் தந்தையின் சூளையைத் திரும்ப மூட்டினான் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும்.

தூஸ் நகரம் பிழைக்கவில்லை. ஷாநாமா பாடிய பாரசீகக் கவிஞர் பிர்தவ்ஸி பிறந்த அந்தப் பழம்பெரும் நகரை மங்கோலியர்கள் ஒருமுறை அழித்தார்கள், 1389-இல் தைமூரின் மகன் மீரான்ஷா இன்னொருமுறை அழித்தார். தப்பியவர்கள் சனாபாத்துக் கல்லறையைச் சுற்றிக் குடியேறினார்கள். நகரம் செத்து, கல்லறை நகரமானது இப்படித்தான்.

அடுத்து வருபவர் இந்தக் கதையிலேயே எனக்கு மிகப் பிடித்தவர், கவ்ஹர்ஷாத். தைமூரின் மருமகள், இன்றைய ஆப்கானிஸ்தானின் ஹெராத்தில் ஆண்ட ஷாருக்கின் மனைவி. கல்லறையின் தென்புறத்தை ஒட்டி அவர் எழுப்பிய பள்ளிவாசல் 1418-இல் முடிந்தது. கட்டடக் கலைஞர் ஷீராஸைச் சேர்ந்த கவாமுத்தீன். நடுவில் முற்றம், அதன் நாலு பக்கமும் நாலு இவான்கள். இவான் என்றால் மூன்று பக்கம் சுவரும், முன்பக்கம் முழுதும் வானளாவிய வளைவாகத் திறந்தும் இருக்கும் மண்டபம். தெற்கு இவானுக்குப் பின்னால் நீலப் பசுமை நிறக் கும்பம். அந்த இவானின் நெற்றியில் அடர்நீலப் பின்னணியில் வெள்ளை எழுத்துகளைப் பெரிதாக வரைந்தவர் அவருடைய மகன் பாய்சுன்கர். அப்போது அவருக்கு வயது இருபதை ஒட்டித்தான். தாய் கட்டிய பள்ளிவாசலில் மகன் எழுதிய எழுத்து. இளவரசன் என்பதற்காகக் கொடுத்த வேலை அல்ல அது. அவர் உண்மையிலேயே அக்காலத்தின் தேர்ந்த எழுத்தணிக் கலைஞர்.

ஓட்டு வேலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கே ஓட்டின் மேல் ஓவியம் தீட்டவில்லை. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி ஓடு சுட்டு, இதழ் இதழாக, கொடி கொடியாகச் செதுக்கி எடுத்து, பின்புறம் சுண்ணாம்புச் சாந்து வார்த்து ஒன்றாகப் பதித்தார்கள். ஒவ்வொரு நிறமும் அதற்குரிய சூட்டில் சுடப்பட்டதால் அதன் ஆழம் குறையாமல் நிற்கிறது. பின்வந்த சஃபவி காலத்து வேலையில் பல நிறங்களை ஒரே ஓட்டில் தீட்டி ஒரே சூட்டில் எடுத்தார்கள். வேலை விரைவாக முடிந்தது, செலவும் குறைந்தது, நிறம் மங்கியது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் கவ்ஹர்ஷாதின் காலத்துக் கை எது என்று பயிற்சி இல்லாத கண்ணுக்கும் தெரியும்.

அந்த முற்றத்தின் நடுவில் சிறிய சதுர மேடை ஒன்று இருந்தது. கிழவியின் பள்ளிவாசல் என்பது அதன் பெயர். பள்ளிவாசலுக்காக நிலம் வாங்கியபோது ஒரு மூதாட்டி மட்டும் தன் வீட்டை விற்க மறுத்தாளாம். வற்புறுத்தக் கூடாது என்று அரசி கண்டிப்பாகச் சொல்லிவிட, அந்த இடத்தைத் தொழுமிடமாகத் தன் பெயருக்கே விட்டுத்தர மூதாட்டி இசைந்தாள் என்பது மஷ்ஹத் மக்கள் சொல்லும் கதை. அரசியின் முடிவு கொடுமையானது. எண்பது வயதில், 1457-இல், வாரிசுச் சண்டையில் சுல்தான் அபூ ஸயீத் அவரைக் கொன்றார். அவர் அடக்கமானது ஹெராத்தில்.

பொன் கும்பத்தைத்தான் கேட்டீர்கள். அதன் பெரும் பெயர் சஃபவிகளைச் சேரும். 1589-இல் உஸ்பெக் இளவரசன் அப்துல் முஃமின் மஷ்ஹதைப் பிடித்து, தலத்துக்குள் தஞ்சம் புகுந்தவர்களையும் வெட்டி, கும்பத்தின் பொன்னையும் நூலகத்தையும் கொள்ளையிட்டான். சஃபவி மன்னர் ஷா அப்பாஸ் 1598-இல் நகரை மீட்டார். 1601-இல் இஸ்ஃபஹானிலிருந்து மஷ்ஹது வரை, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல், நடந்தே யாத்திரை வந்தார். கும்பத்தின் கழுத்தைச் சுற்றி எழுத்தணிக் கலைஞர் அலி ரிஸா அப்பாஸி எழுதிய கல்வெட்டு, மன்னர் தலைநகரிலிருந்து கால்நடையாக வந்ததையும், தம் சொந்தப் பொருளால் கும்பத்தை அணி செய்ததையும் சொல்கிறது. பக்தி உண்மைதான், அதில் எனக்கு ஐயமில்லை. கூடவே அரசியலும் இருந்தது. இராக்கிலுள்ள ஷியா புனிதத் தலங்களான கர்பலாவும் நஜஃபும் அன்று உதுமானியத் துருக்கியர் கையில். யாத்திரிகர்களும் அவர்களின் பணமும் எல்லை தாண்டிப் போகாமல் ஈரானுக்குள்ளேயே வர மஷ்ஹத் வழி செய்தது.

கும்பம் முழுப் பொன்னால் ஆனது அல்ல. செங்கல் கும்பத்தின் மேல் செம்புத் தகடுகள், தகடுகளின் மேல் பொன் முலாம். 1673-இல் நில நடுக்கத்தில் கும்பம் சேதமானது. அதைப் பழுதுபார்க்க இஸ்ஃபஹானில் அரச பொற்கொல்லரிடம் தகடுகள் தயாரானதை ஷார்தான் என்ற பிரெஞ்சுப் பயணி நேரில் கண்டு எழுதியிருக்கிறார். ஷா சுலைமான் 1675-இல் பழுதுபார்த்து முடித்தார்.

இன்னொரு விஷயம்: வெளியில் தெரியும் கும்பமும் உள்ளிருந்து அண்ணாந்தால் தெரியும் கும்பமும் ஒன்றல்ல. தரையிலிருந்து உள் கும்பம் 18.8 மீட்டர், வெளிக் கும்பத்தின் உச்சி 31.2 மீட்டர், நடுவே வெற்றிடம். அறையின் அளவுக்கு இசைய ஒரு கூரை, தொலைவிலிருந்து வரும் யாத்திரிகரின் கண்ணுக்காக இன்னொன்று. ஒரே கும்பமாகக் கட்டியிருந்தால், நின்று துஆ கேட்பவருக்கு அது கிணற்றுக்குள் நிற்பதுபோல் இருந்திருக்கும்.

வடபுறத்துப் பழைய முற்றத்தில் தெற்கு இவானைக் கட்டியவர், தைமூரியர் காலத்துக் கவிஞரும் அமைச்சருமான அலி ஷேர் நவாய். அதற்குப் பொன் போர்த்தியவர் நாதிர் ஷா. டெல்லியைக் கொள்ளையடித்த அதே நாதிர் ஷாதான். ஆனால் இந்தப் பொன் வேலை 1730-களின் தொடக்கத்தில், டெல்லிக்கு வருவதற்கு முன்பே நடந்தது. மயிலாசனத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. பொன் மினாராக்கள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதில்லை. ஒன்று கும்பத்தை ஒட்டி, மற்றது முற்றத்தைத் தாண்டி வடக்கு இவானின் மேல். ஆனால் நகரின் தென்சாலை வழியே வருபவர் கண்ணுக்குக் கும்பம் இரண்டு மினாராக்களுக்கும் நடுவே அமைந்ததாகத் தெரியும்.

அந்த முற்றத்தின் நடுவே எண்கோணத் தண்ணீர்ப் பந்தல் ஒன்று. அதன் ஒற்றைக் கல் தொட்டியை ஹெராத்திலிருந்து கொண்டுவரச் செய்தவரும் நாதிர் ஷாதான். கல்லறை அறையை நோக்கிய சுவரில் ஒரு எஃகுச் சன்னல். மருத்துவம் கைவிட்ட நோயாளிகள் அதன் அடியில் இரவெல்லாம் அமர்ந்திருப்பார்கள். ஒரு கயிற்றின் முனை சன்னல் கம்பியில், மறு முனை நோயாளியின் கழுத்திலோ மணிக்கட்டிலோ. கம்பிகளெல்லாம் பச்சைத் துணி முடிச்சுகள். நாகூரிலோ ஏர்வாடியிலோ ஒரு இரவு தங்கியவர்களுக்கு இந்தக் காட்சியை நான் விளக்க வேண்டியதில்லை. கிழக்கு இவானின் மேல் நகரா மண்டபம் இருக்கிறது. சூரியன் எழுமுன்னும் விழுமுன்னும் நகராவும் நீண்ட எக்காளமும் முழங்கும். முஹர்ரம், ஸஃபர் துக்க நாட்களில் மட்டும் மண்டபம் ஓய்ந்திருக்கும்.

பின்னாளில் ஈரானை ஆண்ட கஜார் மன்னர்கள் கிழக்கே புதிய முற்றம் சேர்த்தார்கள், உள் மண்டபங்களைக் கண்ணாடிச் சில்லுகளால் நிறைத்தார்கள். அந்தக் கண்ணாடி வேலை கண்ணைக் கூச வைக்கிறது. எனக்கு அதைவிடக் கவ்ஹர்ஷாதின் ஓடே உயர்ந்தது. இருபதாம் நூற்றாண்டு தலத்தைக் காயப்படுத்திய நூற்றாண்டு. 1912 மார்ச்சில் ரஷ்யப் படை பீரங்கியால் சுட்டது, பொன் கும்பத்திலும் குண்டுகள் பாய்ந்தன. 1935 ஜூலையில், ஈரான் மன்னர் ரிஸா ஷாவின் ஆடைக் கட்டளைகளை எதிர்த்துக் கவ்ஹர்ஷாத் பள்ளிவாசலில் கூடியவர்களை அவருடைய படையே சுட்டுக் கொன்றது. 1994 ஜூன் 20, ஆஷூரா நாளன்று, கல்லறை அருகிலேயே குண்டு வெடித்து இருபத்தைந்து பேருக்குக் குறையாமல் மாண்டார்கள். இன்று கல்லறையைச் சூழ்ந்திருக்கும் வெள்ளியும் பொன்னுமான ஸரீஹ் என்ற கம்பிக்கூண்டு, ஓவியர் மஹ்மூத் ஃபர்ஷ்சியான் வரைந்த வடிவில் 2001-இல் நிறுவப்பட்டது.

ஹாரூனின் கல்லறை? இப்னு பதூதா கண்ட விளக்குத் தண்டுகள் இல்லை, மேடை இல்லை, பெயர்ப்பலகை இல்லை. அதே கும்பத்தின் கீழ், ஸரீஹைப் பிடிக்க முண்டும் மக்களின் காலடியில், அடையாளமே இல்லாமல் இருக்கிறது. இன்று உதைக்கவும் யாரும் தேடுவதில்லை.

ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். நூற்றாண்டுகளாகத் தலத்தின் சுவரோடு ஒட்டி வளர்ந்த கடைவீதிகள் இருந்தன: டர்கோயிஸ் கல் விற்பவர்கள், குங்குமப்பூ வணிகர்கள், தஸ்பீஹ் மணி கோப்பவர்கள். இருண்ட கடைத்தெருவின் வளைவைத் தாண்டியதும் சட்டென்று முற்றத்தின் வெளிச்சமும் பொன்னும் எதிரே வரும். கட்டடக் கலைஞர்கள் கணக்கிட்டது அந்த நொடியைத்தான். 1975-இல் அந்த வீதிகளை இடித்துத் தலத்தைச் சுற்றி வட்டமாகப் புல்வெளி போட்டார்கள். 1979 இஸ்லாமியப் புரட்சிக்குப் பிறகு அந்த வெற்றிடத்தில் அடுத்தடுத்துப் பெரிய முற்றங்கள் எழுந்தன. இலட்சக்கணக்கில் வரும் மக்களுக்கு இடம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் ஒரு மூதாட்டியின் வீட்டுக்காக அரசி காத்து நின்றதாகக் கதை சொல்லும் இடத்தில், ஒரு கடைத்தெரு முழுவதும் போய்விட்டது. இப்போது பொன் கும்பம் வெகு தூரத்திலிருந்தே தெரிகிறது.